சொல்லாமல் சொன்ன நிறவெறி

தேர்தல் விளம்பரம் வாக்காளரின் மனத்தை மாற்றிவிடுமா? பெரிதாக மாற்றாது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் வந்த 49 விளம்பரங்களைச் சுமார் 34,000 பேரிடம் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. ஒரு விளம்பரத்தின் தாக்கம் மிகச் சிறியது என்பதே அதன் முடிவு. அந்தத் தேர்தலில் டிரம்பைவிடத் தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு மிக அதிகமாகச் செலவழித்த ஹிலாரி கிளிண்டன் தோற்றார்.

ஆனால் இந்தக் கணக்கோடு நான் நிறுத்திக்கொள்ளத் தயாராக இல்லை. விளம்பரம் புதிய கருத்தை உருவாக்காமல் போகலாம். ஏற்கெனவே உறைந்து கிடக்கும் வெறுப்பைத் தட்டி எழுப்ப அதற்கு முப்பது நொடி போதும்.

1952இல் ஐசனோவர் குட்டி விளம்பரங்களோடு வந்தபோது, அதிபர் பதவிக்குரியவரைக் கடைச் சரக்குபோல விற்பதா என்ற முணுமுணுப்பு எழுந்தது. 1964இல் ஜான்சன் தரப்பு அடுத்த படிக்குப் போனது. பூவின் இதழ்களை எண்ணும் சிறுமி, பிறகு அணுகுண்டு வெடிப்பு. எதிராளி கோல்ட்வாட்டரின் பெயரே அதில் இல்லை. காசு கொடுத்து ஒளிபரப்பியது ஒரே ஒருமுறை. மீதி வேலையைச் செய்திகள் இலவசமாகச் செய்தன.

சொல்லாமல் சொல்லும் இந்த வித்தையை 1988இல் நிறவெறி கையில் எடுத்தது. மாசசூசெட்ஸ் சிறையிலிருந்து வார இறுதி விடுப்பில் வெளியே வந்து தலைமறைவான ஹார்ட்டன் என்ற கறுப்பினக் கைதி, வேறொரு மாநிலத்தில் ஒரு பெண்ணை வல்லுறவு செய்தார். கொடிய குற்றம்; அதில் மறுப்பில்லை. அந்த விடுப்பைக் கொலைக் கைதிகளுக்குத் தடுக்கும் மசோதாவை ஆளுநர் டுகாகிஸ் நிராகரித்திருந்ததும் உண்மை. ஆனால் அந்தத் திட்டம் தொடங்கியது குடியரசுக் கட்சி ஆளுநரின் காலத்தில் என்பதையும், நடுவண் அரசின் சிறைகளிலும் விடுப்பு இருந்தது என்பதையும் விளம்பரம் சொல்லவில்லை. புஷ் ஆதரவுக் குழு ஒன்று வெளியிட்ட அதில் 'கறுப்பர்' என்ற சொல்லும் இல்லை. தேவையும் இல்லை, திரை முழுக்க அவர் முகம் இருந்தது. வில்லியம் என்ற பெயரை 'வில்லி' என்று சுருக்கினார்கள். தன்னை யாரும் அப்படி அழைத்ததில்லை என்று அவரே பின்னர் சொன்னார்.

அது குற்றத்தைப் பற்றிய விளம்பரம்தானே, இதில் நிறம் எங்கே வந்தது என்று கேட்டார்கள். ஒடுக்குகிறவர்கள் எப்போதும் கேட்கும் கேள்விதான் இது.

அக்டோபரில் ஜெஸ்ஸி ஜாக்சன் அதை நிறவெறி என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் அப்படிப் பெயரிட்ட பிறகு அந்தத் தூண்டுதலின் வலு குறைந்தது என்று ஆய்வாளர் டாலி மெண்டல்பெர்க் 2001இல் எழுதிய நூலில் காட்டுகிறார். புஷ் வென்றார் என்பது வேறு. அவரது பிரச்சாரத்தை நடத்திய லீ ஆட்வாட்டர் 1991இல், சாவதற்குச் சற்று முன்பு, டுகாகிஸிடம் மன்னிப்புக் கேட்டார்.

பெயரிடுவது மட்டும் போதுமா? போதாது. மெக்சிகோவிலிருந்து வருகிறவர்களை வல்லுறவுக்காரர்கள் என்று 2015இல் பகிரங்கமாகப் பேசிய ஒருவர் மறு ஆண்டே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒளிக்க வேண்டியதில்லை என்றாகிவிட்ட வெறுப்பை அம்பலப்படுத்துவதால் மட்டும் வீழ்த்த முடியாது. ஆனால் பெயரிடாத வெறுப்போடு மோதவே முடியாது. ஜாக்சன் செய்ததை முதல் வேலையாகக் கொள்வோம். அதையே கடைசி வேலையாக்கிவிட வேண்டாம்.