பட்டம் ஒருமுறை, படிப்பு ஆண்டுதோறும்

செந்தூலில் வசிக்கும் நண்பர் ஒருவர் வீட்டுப் பூனைக்கு வயிறு வீங்கிக்கொண்டே வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. கிளினிக்கில் வயிற்று நீரை எடுத்துப் பார்த்த விலங்கு மருத்துவர், "இதற்கு மருந்து கிடையாது. வலியில்லாமல் அனுப்பிவிடுவதே நல்லது" என்றார். பிள்ளைகள் அழுதுகொண்டே சம்மதித்தார்கள். சில மாதங்கள் கழித்து வேறொரு மருத்துவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் திகைத்துப் போனார். "அந்த நோய்க்கு இப்போது மருந்து இருக்கிறதே!"

எஃப்.ஐ.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வயிற்றுறை அழற்சி நோய் அது. பூனைகளின் குடலில் சாதாரணமாக வாழும் ஒருவகை கொரோனா கிருமி, சில பூனைகளின் உடலுக்குள்ளேயே உருமாறி இந்நோயை உண்டாக்குகிறது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இது மரண தண்டனையாகவே இருந்தது. 2019-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் குழுவினர், ஜி.எஸ்.-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்ததில் 25 பிழைத்துக்கொண்டதாக அறிவித்தார்கள். கோவிட் காலத்தில் நாம் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர் உடலுக்குள் போய் மாறுவதும் இதே பொருளாகத்தான். பிரிட்டனில் 2021 முதல் விலங்கு மருத்துவர்கள் இதைச் சட்டப்படியே எழுதிக் கொடுக்கிறார்கள்.

முதலில் பார்த்த மருத்துவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் கல்லூரியில் படித்தபோது அது உண்மைதான். அதன் பிறகு அறிவியல் நகர்ந்துவிட்டது, அவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. இப்படிப்பட்ட இடைவெளியை அடைப்பதற்காகத்தான் தொடர்கல்வி என்ற ஏற்பாடே இருக்கிறது.

நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டு விலங்கு மருத்துவர் சட்டத்தின்படி, பட்டம் பெற்று மலேசிய விலங்கு மருத்துவர் மன்றத்தில் பதிந்துகொண்டால் மட்டும் போதாது. தொழில் செய்ய ஆண்டுதோறும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். கருத்தரங்குகளுக்கும் பயிலரங்குகளுக்கும் போகிறவர்களுக்குத் தொடர்கல்விப் புள்ளிகள் உண்டு. மற்ற நாடுகளிலும் இதே வழக்கம்தான். பிரிட்டனில் ஆண்டுக்கு 35 மணி நேரம், நியூயார்க் மாநிலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு 45 மணி நேரம், கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுகளுக்கு 36 மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

"ஐந்து ஆண்டுகள் படித்துவிட்டு வந்தவருக்கு மறுபடியும் வகுப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் நாட்டு வரலாறே பதில் சொல்லும்.

பாடப்புத்தகத்தில் இல்லாத நோய்கள்

1998-இல் பேராவில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. எல்லாரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நம்பினார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் பிரித்தெடுத்த கிருமி, அதுவரை உலகம் அறியாத ஒன்று. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அதற்கு முன் பட்டம் வாங்கிய எந்த விலங்கு மருத்துவரின் பாடப்புத்தகத்திலும் நிப்பா என்ற சொல் இருந்திருக்காது.

வெறிநாய்க்கடி நோயும் அப்படித்தான். அந்நோய் நம்மிடம் இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் புகுந்து உயிர்களைப் பறித்தது. ஒரு நோயையும் நேரில் பார்த்திராத மருத்துவரின் மேசைக்கு அந்த நோயோடு ஒரு நாய் வந்தால், முதலில் ஆபத்துக்கு உள்ளாகிறவர்கள் அந்த மருத்துவரும் நாயைப் பிடித்திருக்கும் நாமும்தான்.

மூன்றாவது, கொலிஸ்டின். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் மனிதரைத் தாக்கும்போது கடைசியாகக் கையில் எடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி அது. அதைப் பண்ணை விலங்குகளுக்கும் தாராளமாகக் கொடுத்து வந்தார்கள். அந்த மருந்தை எதிர்த்து நிற்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடியது என்று 2015-இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2019-இல் மலேசியா பண்ணை விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது. நேற்றுவரை சரியாக இருந்த மருந்துச்சீட்டு இன்று தவறாகிவிட்டது. படித்துக்கொண்டே இருக்கும் மருத்துவர்தான் இதைக் கவனிப்பார்.

புள்ளி சேர்ந்தால் அறிவு சேருமா?

ஆக, தொடர்கல்வி கட்டாயமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கவலை வேறு. மண்டபத்தில் கையெழுத்துப் போட்டு, பின்வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவி, தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் புள்ளி புள்ளிதான். 2009-இல் மனித மருத்துவத் துறையினருக்கான 81 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இத்தகைய கூட்டங்களால் நடைமுறையில் ஏற்பட்ட முன்னேற்றம் சுமார் 6 விழுக்காடுதான். உரை கேட்பதோடு கலந்துரையாடலும் சேரும்போது பலன் கூடியது. விலங்கு மருத்துவருக்கும் மனித மனம்தான். இதே பாடம் அவர்களுக்கும் பொருந்தும்.

எனவே மூன்று யோசனைகள். முதலாவது, மணிக்கணக்கில் ஒரு பகுதியைக் கட்டாயப் பாடங்களுக்கு ஒதுக்க வேண்டும். விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோய்கள், நுண்ணுயிர்க்கொல்லிப் பயன்பாடு, வலி நிவாரணம் ஆகியவற்றை எவரும் தட்டிக்கழிக்க முடியாதபடி இருக்கட்டும். இரண்டாவது, சொந்த கிளினிக்கில் தோற்றுப்போன ஒரு சிகிச்சையைச் சக மருத்துவர்கள் முன் வைத்துப் பேசுகிறவருக்குக் கூடுதல் புள்ளி கொடுக்கலாம். கற்றதைத் தம் வேலையில் எப்படிப் பயன்படுத்தினோம் என்று எழுதிவைப்பதை பிரிட்டன் 2022 முதல் கட்டாயமாக்கிவிட்டது. மூன்றாவது, தனியொருவராக கிளினிக் நடத்துகிறவர் கதவைச் சாத்திவிட்டு இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போனால் அன்றைய வருமானமும் போகும், அவசரத்துக்கு வரும் நாயும் திரும்பிப் போகும். அவருக்காக இரவு நேர இணைய வகுப்புகள் குறைந்த கட்டணத்தில் வேண்டும். சட்டம் கறாராக இருக்கலாம். வழியும் திறந்திருக்க வேண்டும்.

நமக்கும் ஒரு பங்கு உண்டு. பூனையையோ நாயையோ, தோட்டப்புறத்தில் மாட்டையோ காட்டப் போகும்போது, இந்த ஆண்டுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். "மருந்து கிடையாது" என்று சொன்னால், "அண்மையில் ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா, டாக்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தெரியாவிட்டால் தேடிப் பார்த்துச் சொல்வார்.

நண்பர் வீட்டில் இப்போது வேறொரு பூனைக்குட்டி வளர்கிறது. பழைய பூனையைப் பற்றிப் பிள்ளைகள் இன்னமும் கேட்கிறார்கள். "அப்போது நமக்குத் தெரியாது" என்கிறார் அவர். நமக்குத் தெரியாமல் இருக்கலாம். மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.