ஆவியாகாது சரி, கிணற்றுக்குப் போகாதா?

கல்முனையில் அத்தர் வாங்க வருகிறவர் மூடியைத் திறந்து மணம் பார்க்கும் முன்னரே ஒன்றைக் கேட்டுவிடுவார்: "ஸ்பிரிட் கலந்ததா?" இல்லையென்றால் வியாபாரம் படியும். அவர் கேட்டது கரைப்பானைப் பற்றிய கேள்வி. மணம் எதில் கரைந்திருக்கிறது என்கிறார். ஆனால் மதுசாரம் இல்லையென்று தெரிந்த பிறகு, அதன் இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. பழைய அத்தரில் சந்தன எண்ணெய் இருந்தது. இன்று மலிவாகக் கிடைக்கும் பல அத்தர்களில் டைஎத்தில் தாலேற்று, டைபுரொப்பிலீன் கிளைக்கோல் போன்ற தொழிற்சாலைத் திரவங்கள் இருக்கின்றன.

'பசுமைக் கரைப்பான்' என்ற பட்டத்தோடு உலகைச் சுற்றிவந்த அயனித் திரவங்களுக்கும் இதுதான் நடந்தது. பழைய கரைப்பானின் ஒரு குற்றம் இதில் இல்லை என்று கண்டதும் பட்டம் கொடுத்தாயிற்று. மற்றக் கேள்விகள் பிறகுதான் வந்தன.

கரைப்பான்களைப் பலர் பெயரால் அறியமாட்டார்கள், வாசத்தால் அறிவார்கள். தளபாடப் பட்டறையில் வார்னிஷோடு கலக்கும் தின்னரும் நகப்பூச்சை அழிக்கும் அசற்றோனும் அந்த இனம்தான். வேலை முடிந்ததும் காற்றோடு போய்விடும். போகிற போக்கில் பட்டறைக்காரரின் தலையையும் நெஞ்சையும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போகும். மருந்துத் தொழிற்சாலைக்குள் போகும் பொருள்களில், தண்ணீரை விட்டுவிட்டால், எடையில் பெரும்பங்கு கரைப்பானே. ஆகவே ஆவியாகாத கரைப்பான் ஒன்று கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

அயனித் திரவம் என்பது உப்புத்தான், திரவ நிலையில் உள்ள உப்பு. சமையல் உப்பை உருக்க 801 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். அதன் அயனிகள் சிறியவை, உருண்டையானவை. செங்கல் அடுக்கியதுபோல் இறுக்கமாக நிற்கின்றன. பருமனான, கோணல்மாணலான அயனிகளைப் போட்டால் அந்த அடுக்கு அமையாது, உப்பு சாதாரணச் சூட்டிலேயே உருகிக் கிடக்கும். 1914இல் போல் வால்டன் விவரித்த எத்தில் அமோனியம் நைத்திரேற்று 12 பாகையில் உருகியது. கல்முனையில் மார்கழி மழைக்குக்கூட அது உறையாது. அயனிகள் ஒன்றையொன்று மின்னேற்றத்தால் பிடித்து வைத்திருப்பதால் அவை ஆவியாகப் பறப்பது மிக அரிது. அதனால் வாசமில்லை, தீப்பிடிக்கும் பயமும் குறைவு.

வால்டனின் கண்டுபிடிப்பைப் பல பத்தாண்டுகள் பெரிதாக யாரும் தேடவில்லை. 1992இல் அமெரிக்காவில் வில்க்ஸும் சவொரொட்கோவும் காற்றையும் நீரையும் தாங்கும் அயனித் திரவங்களைச் செய்துகாட்டிய பின்னர்தான் வேகம் பிடித்தது. 1999இல் பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் திறந்தது. 2002இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் ரொபின் ரொஜர்ஸின் குழு, எளிதில் எதிலும் கரையாத செலுலோசை அயனித் திரவத்தில் கரைத்தது. இந்தியாவில் பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆய்வு நிறுவனம் கடற்பாசிப் பொருள்களை இதில் கரைத்து ஆராய்ந்திருக்கிறது. உப்புக்கென்று ஏற்பட்ட நிறுவனம் உப்பையே கரைப்பானாக்கியது பொருத்தம்தான்.

தொழிற்சாலைகளிலும் நல்ல காரியங்கள் நடந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஜேர்மனியின் பிஏஎஸ்எவ் நிறுவனம் ஒரு தயாரிப்பில் இடையில் உண்டாகும் அமிலத்தை அயனித் திரவமாக மாற்றிப் பிரித்தெடுத்தது. அதே கொள்ளளவில் உற்பத்தி ஏறத்தாழ 80,000 மடங்கு கூடியது. மலேசியாவின் பெற்றோனாஸ், பெல்பாஸ்ற் மையத்தோடு சேர்ந்து, இயற்கை வாயுவிலுள்ள பாதரசத்தை அயனித் திரவத்தால் பிடிக்கிறது. செவ்ரொன் நிறுவனம் சோல்ற் லேக் சிற்றி சுத்திகரிப்பாலையில் ஐதரோபுளோரிக் அமிலத்தின் இடத்தில் 2021 முதல் அயனித் திரவத்தைப் பயன்படுத்துகிறது. அந்த அமிலம் தோலில் பட்டால் எலும்புவரை போகும். அதை அகற்றியது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்த மூன்று இடங்களிலும் திரவம் மூடிய குழாய்களுக்குள்ளும் உருளைகளுக்குள்ளும் அடைபட்டே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

குற்றப்பட்டியல் 2003இல் தொடங்கியது. ஆய்வுகூடங்கள் விரும்பிக் கையாண்ட ஓர் அயனித் திரவம் நீரோடு சேர்ந்து சிதைந்து, அதே ஐதரோபுளோரிக் அமிலத்தை வெளியிடலாம் என்று எழுதியது வேறு யாருமல்ல, ரொஜர்ஸின் குழுவேதான். அடுத்தடுத்து வந்த சோதனைகளில், நீண்ட கார்பன் வால் கொண்ட இமிடசோலியம் உப்புகள் நீர்த்தெள்ளுகளுக்கும் பாசிகளுக்கும் பழைய கரைப்பான்கள் பலவற்றைவிடக் கொடியவை என்று தெரிந்தது. 2018இல் இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள், குப்பை நிரப்பிய நிலமொன்றைச் சுற்றியிருந்த மண்ணில் அப்படியொரு உப்பைக் கண்டார்கள். ஆய்வுகூடத்தில் அது ஈரல் கலங்களைத் தாக்கியது. ஓர் அரிய ஈரல் நோயோடு அதற்குத் தொடர்பிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததே தவிர, அது நிரூபணமாகவில்லை.

இந்த இடத்தில்தான் அம்பாறைக் கரையோரத்தின் கணக்கு வேறாகிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாம் மணலில் இருக்கும் ஊர்கள். கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய நிலம், நெருக்கமான வீடுகள். மணலுக்குக் கீழே உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நன்னீர் மிதக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் உள்ளே வந்துபோன பின்னர் கிணறுகள் உவர்த்துக் கிடந்ததை இங்குள்ளவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குழாய்நீர் வந்துவிட்டது, ஆனாலும் கிணற்றை மூடிவிட்டவர் எத்தனை பேர்? இந்த மண்ணில் கொட்டிய தின்னர் பாதியாவது காற்றோடு போகும். ஆவியாகாத, நீரில் நன்றாகக் கரையும் உப்பு கீழேதான் போகும். காற்றைக் காப்பாற்றும் அதே குணம் கிணற்றைக் கெடுக்கிறது.

அதற்காக வாசலை அடைத்துவிடுவதும் சரியல்ல. இறால் கோதிலிருந்து கைற்றின் என்ற நார்ப்பொருளை எடுக்க இன்று அமிலத்தால் சுண்ணாம்பையும் காரத்தால் புரதத்தையும் கழுவுகிறார்கள், கழிவுநீர் பெருகுகிறது. ஓர் அயனித் திரவம் கோதிலிருந்து நேரே கைற்றினைக் கரைத்தெடுக்கும் என்று ரொஜர்ஸின் குழு 2010இல் காட்டியது. சம்மாந்துறை வயல்களில் அறுவடைக்குப் பின் கிடக்கும் வைக்கோலிலும் செலுலோசுக்குக் குறைவில்லை. 2003இல் லெஸ்ரர் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரூ அபொட் காட்டிய வழி இன்னும் மலிவு: கோழித்தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைட்டையும் வயலுக்குப் போடும் யூரியாவையும் ஒன்றுக்கு இரண்டு என்ற அளவில் கலந்தால், இரண்டு திண்மங்களும் சேர்ந்து திரவமாகிவிடும். இதுவும் மாசற்றதல்ல. கோலின் குளோரைட் செய்ய எத்திலீன் ஒட்சைட் என்ற நச்சுவாயு வேண்டும், யூரியா அதிகமானால் நீர்நிலையில் என்னவாகும் என்பது விவசாயிக்கே தெரியும். ஆனாலும் இவை இரண்டும் எளிதில் மக்குபவை.

பசுமை என்ற சொல்லை மட்டும் நம்பினால் என்ன விலை என்பதை இந்த மாவட்டத்து விவசாயிகள் ஏற்கனவே கண்டவர்கள். 2021 மே மாதம் பசுமை விவசாயம் என்ற பெயரில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது, நவம்பரில் தடையை விலக்கியது. இடையில் போன விளைச்சல் போனதுதான்.

எனவே மத்திய சுற்றாடல் அதிகாரசபை, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கேட்டு வரும் ஆலையிடம் புகையைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது. கரைப்பான் நீரில் எவ்வளவு கரையும், 28 நாள் மக்கும் சோதனையில் அது தேறியதா, பாவித்ததில் எவ்வளவு திரும்ப எடுக்கப்படுகிறது என்பவற்றையும் கேட்க வேண்டும். இந்தப் பதில்கள் இல்லாமல் 'பசுமை' என்று விளம்பரம் செய்ய விடக்கூடாது.

இந்தத் திரவங்கள் நம் மணலில் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை அறிய வெளிநாட்டு அறிக்கை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. நீண்ட கண்ணாடிக் குழாயில் சாய்ந்தமருதுக் கடற்கரை மணலை உப்புப்போகக் கழுவி நிரப்பி, மேலே அயனித் திரவம் கலந்த நீரை ஊற்றி, கீழே சொட்டும் நீரில் மின்கடத்துதிறன் மானியை வைத்தால், உப்பு வந்துசேரும் நேரத்தை மானி காட்டிவிடும். இறுதியாண்டு மாணவர் ஒருவர் ஒரு தவணைக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.