வெங்காயத் தாளைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடாதே!



போன சம்பாவில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற சங்கச் செயலாளர்தான். ஆனாலும் என் வயலில் வெங்காயத் தாளைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேரே மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்ன பயிர், நட்டு எத்தனை நாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு டப்பாவை எடுத்து வைத்தார், கடனில் எழுதிக்கொண்டார். அடித்தேன். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் வெங்காயத் தாள் அப்படியே நிற்கிறது.

நிற்காமல் என்ன செய்யும்? அது நோய் இல்லையே, நடந்து முடிந்த காரியம். ஆனைக்கொம்பன் ஈ கொசு அளவுதான் இருக்கும். ராத்திரியில் பறக்கும். மூட்டமும் தூறலுமாக இருக்கிற நாளில் ஒரு பெண் ஈ 100 முதல் 300 முட்டை வரை இடும். புழு வெளியே வந்து, தாளின் ஈரத்திலேயே ஊர்ந்து இறங்கி, தூரின் அடியில் குருத்து முளைக்கிற இடத்தில் உட்கார்ந்துவிடும். அதன் எச்சில் பட்டதும் நெற்பயிர் தன் புத்தியை இழக்கிறது. இலை விரிய வேண்டிய இடத்தில் குழாயைக் கட்டிப் புழுவுக்கு வீடு கொடுக்கிறது. அந்தக் குழாய்தான் ஆனைக் கொம்பு மாதிரி வெளுத்து வெளியே நீளுகிறது. அது நம் கண்ணில் படும்போது புழு கூட்டுப்புழுவாகியிருக்கும், இல்லை நுனியில் ஓட்டை போட்டுப் பறந்தே போயிருக்கும். அந்தத் தூரில் இனிக் கதிர் வராது. எந்த டப்பாவாலும் வரவைக்க முடியாது.

அப்படியானால் நாம் அடித்த மருந்து யாரைக் கொன்றது? இதுதான் என் வயிற்றெரிச்சல்.

வெங்காயத் தாள் ஒன்றைப் பிடுங்கி, அடிப்பக்கத்தை நகத்தால் பிளந்து பாருங்கள். புழு உப்பிப்போய், உள்ளே பொடிப்பொடியாகக் கூடுகள் அடைத்துக் கிடந்தால் கையெடுத்துக் கும்பிடுங்கள். அது பிளாட்டிகாஸ்டர் என்கிற குளவி. எள்ளை விடச் சின்னது. ஈயின் முட்டையிலேயே தன் முட்டையை வைத்துவிடும். ஒரு முட்டையே பலவாகப் பிரிந்து, ஒரே புழுவின் உடம்பிலிருந்து கூட்டமாகக் குளவிகள் வெளியே வரும். கூலி கேட்காது, கடன் எழுதாது. வயலில் சிலந்தியும் இருக்கிறது, தரை வண்டும் இருக்கிறது. நான் அடித்த மருந்து தாளுக்குள் பத்திரமாக இருந்த ஈயை விட்டுவிட்டு, வெளியே வேலை செய்துகொண்டிருந்த இவர்களைத்தான் சாகடித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஈயின் குடும்பத்திலேயே நல்லவர்களும் உண்டு. அசுவினியைத் தின்கிற ஒரு பங்காளி இருக்கிறது. ஐரோப்பாவில் கண்ணாடி வீட்டில் காய்கறி போடுகிறவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கி விடுகிறார்கள். இங்கே சும்மா கிடைக்கிற குளவியை நாம் காசு கொடுத்துக் கொல்கிறோம்.

அரசாங்கத்துக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். குளவி அடைந்த வெங்காயத் தாளை நட்ட 10-ஆம் நாள், 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வயலில் விடச் சொல்வது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைதான். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 400 தாள். அதை யார் சேகரிப்பது, யார் பிளந்து பார்த்துப் பிரிப்பது, யார் நம் வரப்புக்குக் கொண்டுவருவது? அதற்கு ஆள் இல்லை. ஃபோரேட் குருணையை 2020 கடைசியோடு தடை செய்தார்கள், சரி. அந்த இடத்தில் என்ன வந்தது? வேறு டப்பா வந்தது. குளவி வரவில்லை.

விதையும் அப்படித்தான். மதுரை வேளாண் கல்லூரியின் எம்.டி.யூ. 3 இந்த ஈயைத் தாங்கும் ரகம். ஆனால் இந்தியாவில் ஆனைக்கொம்பனில் ஏழு வகை கண்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் தாங்குகிற ரகம் இன்னோரிடத்தில் படுத்துவிடும். ஆகவே எங்கள் திருப்போரூர் வட்டாரத்து மண்ணிலேயே நட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறோம். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையமும் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையமும் எட்டாத தூரத்தில் இல்லை.

நம் பக்கத்திலும் தப்பு இருக்கிறது, மறைக்கக் கூடாது. படூரில் பிளாட்டுக்குப் போனது போக மிச்சமிருக்கிற நஞ்சையில்கூட ஆளுக்கொரு நாளில் நடுகிறோம். முந்தி நட்டவன் வயலில் பெருகிய ஈ, பிந்தி நட்டவன் தூரில் போய் உட்காருகிறது. பயிர் கறுக்க வேண்டும் என்று யூரியாவை ஒரே தடவையில் அள்ளி வீசுகிறோம், பொட்டாஷைக் கண்டுகொள்வதில்லை. வரப்புப் புல்லையும் காட்டு நெல்லையும் வெட்டுவதில்லை. ஏரிப் பாசனத்தில் ஒன்றாக நடுவது முடியாத காரியமா? நம் அப்பன் காலத்தில் முடிந்ததே.

காப்பீட்டுக்கு வருவோம். பூச்சியால் மகசூல் குறைந்தாலும் இழப்பீடு உண்டு என்று பிரதமர் பயிர்க் காப்பீட்டில் எழுதியிருக்கிறது. ஆனால் அறுவடைப் பரிசோதனையின் சராசரியை வைத்துத்தான் கணக்கு. தனி வயலுக்கு வந்து பார்ப்பது ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற சிலவற்றுக்குத்தான். அந்தப் பட்டியலில் பூச்சி இல்லை. பிந்தி நட்ட நாலு பேர் வயல் மட்டும் வெங்காயத் தோட்டமாக நின்றால், ஊர் சராசரியில் அது கரைந்துபோகும். பிரீமியம் மட்டும் தனித்தனி ஆளிடம், இழப்பு மட்டும் ஊர்ச் சராசரியா?

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறோம்: நாற்றங்காலிலேயே அலுவலர் வந்து பார்க்க வேண்டும், குளவித் தாள் வரப்புக்கு வர வேண்டும், தாங்கும் விதை வேண்டும், பூச்சிச் சேதத்துக்குத் தனி வயல் மதிப்பீடு வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள். உங்கள் வயலில் பிடுங்கிய வெங்காயத் தாள் ஆளுக்கு ஒரு பிடி எடுத்து வாருங்கள். மேசைமேல் வைத்து, பிளந்து காட்டிப் பேசுவோம்.