பங்கும் பங்குச் சந்தையும்

தமிழ்க் கத்தோலிக்கராகிய நமக்குப் 'பங்கு' என்னும் சொல் இருவகையில் பழக்கமானது. நாம் திருமுழுக்குப் பெற்று, திருமணம் முடித்து, நம் பெற்றோரை அடக்கம் செய்த இறைச் சமூகத்துக்குப் பங்கு என்று பெயர். ஒரு நிறுவனத்தின் உடைமையில் ஒருவருக்குள்ள கூறுக்கும் பங்கு என்றே பெயர். பலர் கூடிச் சுமப்பதில் ஒருவருக்குரிய பகுதி என்பதே இரண்டுக்கும் அடிப்படை. இன்று நம் பங்குகளில் இளைஞர் சிலர், பார்த்து வந்த வேலையை விட்டுவிட்டு, 'முழுநேர டிரேடிங்தான் என் தொழில்' என்கிறார்கள். காலை 9.15 மணி முதல் பிற்பகல் 3.30 மணி வரை கைப்பேசித் திரையில் வாங்குவதும் விற்பதுமே அவர்களுக்கு வேலை. இதனை ஒரு குடும்பத்தைத் தாங்கும் பிழைப்பு என்று நாம் ஏற்கலாமா? ஏற்கலாகாது என்பதே நம் துணிபு.

பங்கு வாங்குவது பாவம் என்று நாம் சொல்லவில்லை. செலவு போக மிஞ்சியதை ஒரு நல்ல நிறுவனத்தில் இட்டு, அது வளரும்வரை காத்திருந்து, அதன் இலாபத்தில் உரிய கூற்றைப் பெறுவது நேர்மையான சேமிப்பு. அந்தப் பணம் தொழிற்கூடமாகிறது; சிலருக்கு வேலையுமாகிறது. காலையில் வாங்கி மாலைக்குள் விற்பவரின் நிலை வேறு. அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்பதுகூட அவருக்குத் தேவையில்லை. 'ஃபியூச்சர்ஸ்', 'ஆப்ஷன்ஸ்' எனப்படும் முன்பேர ஒப்பந்தங்களில் இறங்குபவர், விலை ஏறுமா இறங்குமா என்பதன்மீதே பணம் கட்டுகிறார். அங்கே ஒருவரின் இலாபம் அப்படியே மற்றொருவரின் நட்டம். இருவரிடமும் தரகுக் கட்டணமும் வரியும் பிடித்துக்கொள்ளப்படுவதால், ஆடுவோர் கூட்டம் மொத்தமாகத் தோற்றே தீரவேண்டும்.

கணக்கையே பார்ப்போமே. ஒருவர் 5 லட்சம் ரூபாய் முதல் வைத்திருக்கிறார். அவர் வீட்டுச் செலவு மாதம் 30,000 ரூபாய். ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் வேண்டும். அதாவது, போட்ட முதலில் நூற்றுக்கு 72 விழுக்காடு ஆண்டுதோறும் தவறாமல் ஈட்டியாக வேண்டும். வங்கி வைப்பு நிதிக்கு ஏழு விழுக்காடு கிடைத்தாலே நிறைவடைகிறோம் நாம்! வாடகையும் பள்ளிக் கட்டணமும் சந்தையின் ஏற்ற இறக்கம் பார்த்து வருவதில்லை. இலாபம் வராத மாதத்தில் முதலை எடுத்து உண்ண வேண்டும். முதல் குறைந்ததும் இழந்ததை மீட்க இன்னும் பெரிதாகப் பணம் கட்டத் தோன்றும். கடனும் நகை அடகும் இந்த வாசல் வழியாகவே வீட்டுக்குள் நுழைகின்றன.

இது நம் கற்பனையான அச்சமன்று. பங்குச் சந்தையின் ஒழுங்காற்று அமைப்பான 'செபி' 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்தது. பங்கு சார்ந்த முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். அவர்களுள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். ஆளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 லட்சம். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் இலாபம் கண்டவர் நூற்றுக்கு ஒருவரே. தோற்றவர்களுள் முக்கால் பங்கினருக்கு மேற்பட்டோர் மறுபடியும் ஆடச் சென்றனர் என்பது நம்மை உலுக்க வேண்டிய செய்தி.

இழந்த பணம் எங்கே சென்றது? 2023-24-இல் பெரும் நிறுவனங்களும் அயல்நாட்டு முதலீட்டாளர்களும் ஆயிரக்கணக்கான கோடிகளை இலாபமாக அள்ளினர். அந்த இலாபத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கு மேல், மனிதக் கை படாமல் கணிப்பொறி நிரல்களே வாங்கி விற்றதால் வந்தது. நொடியின் சிறு கூறில் முடிவெடுக்கும் அந்த இயந்திரங்களுக்கு எதிரே, ஒரு கைப்பேசியுடன் நம் வீட்டுப் பிள்ளை தனித்து நிற்கிறான். பத்தில் ஒன்பது பேர் நட்டமடைகின்றனர் என்ற எச்சரிக்கையைத் தரகு நிறுவனங்கள் தம் செயலிகளில் காட்டவேண்டும் என்று 2023-இல் செபி ஆணையிட்டது. புகையிலைப் பொட்டலத்தின் எச்சரிக்கையைப் போல அதுவும் பார்க்கப்படுகிறது, கடக்கப்படுகிறது. அந்தப் பத்தாவது ஆள் நான்தான் என்று ஒவ்வொருவரும் நம்புகிறார்.

'வேளாண்மையும் சூதாட்டந்தானே, மழையை நம்பித்தானே விதைக்கிறார்கள்?' என்று கேட்போர் உண்டு. மழை பொய்த்தால் உழவன் இழக்கிறான், உண்மை. ஆனால் மழை பெய்தால் உலகுக்கு நெல் கிடைக்கிறது. அண்டை வயல் கருகினால்தான் தன் வயல் விளையும் என்ற நிலை எந்த உழவனுக்கும் இல்லை.

தாலந்து உவமையைத் துணைக்கழைப்போரும் உண்டு. பணத்தைப் புதைத்து வைத்தவனை ஆண்டவர் கண்டித்தார் அல்லவா என்கிறார்கள். அந்தத் தாலந்து தலைவனுடையது; ஊழியன் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். தந்தையின் ஓய்வுக்கால வைப்பு நிதியும் மனைவியின் கழுத்து நகையும் யாருடையவை? அவற்றுக்கு யாரிடம் கணக்குக் கொடுக்கப் போகிறோம்?

திருச்சபையின் போதனை இதில் தெளிவாகவே இருக்கிறது. பந்தய விளையாட்டு தன்னளவில் நீதிக்கு எதிரானதன்று. தனக்கும் பிறருக்கும் வாழ்வுக்குத் தேவையானதைப் பறிக்கும்போது அது ஒழுக்கக் கேடாகிறது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' சுற்றுமடல், முதலைவிட உழைப்பே முதன்மையானது என்று நிலைநாட்டியது. உழைப்பவன் பொருளை மட்டும் உருவாக்குவதில்லை, தன்னையே மனிதனாக உருவாக்கிக்கொள்கிறான். நாள் முழுதும் திரையில் சிவப்பையும் பச்சையையும் பார்த்திருப்பவன் எதனை உருவாக்குகிறான்? இறைமகனே நாசரேத்தின் தச்சுப்பட்டறையில் உழைத்து உண்டார் என்பதை அறிக்கையிடும் நாம் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது.

எனினும் நம் கண்டனம் முழுவதும் அந்த இளைஞன்மீதே விழுவது நீதியாகாது. பொறியியல் படித்தவனுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சம்பளம் தரும் உலகம், அவனைக் குறுக்குவழிக்குத் தள்ளுகிறது. வாடகைக் காரின் அருகே நின்று படம் பிடித்துக்கொண்டு, 'வேலையை விடு, சுதந்திரமாக வாழ்' என்று பயிற்சி வகுப்பு விற்பவர்களே முதற் குற்றவாளிகள். சந்தையில் அள்ளத் தெரிந்தவருக்கு மாணவர் கட்டணம் எதற்கு? அவருடைய நிலையான வருமானம் வகுப்பில்தான் இருக்கிறது!

நாம் செய்யக்கூடியவை பல. இத்தகைய வகுப்புகளுக்கு ஆலய மண்டபத்தை வாடகைக்கு விடாதிருப்போம். திருமணத் தயாரிப்பு வகுப்பில் கடனையும் வரவு செலவையும் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். வின்சென்ட் தே பவுல் சபையார் வறியோர் இல்லங்களைச் சந்திப்பதுபோல், சந்தையில் இழந்து வெட்கத்தால் பூசைக்கும் வராமல் ஒதுங்கிவிட்ட குடும்பங்களையும் தேடிச் செல்வோம். கடிந்துரைக்கச் செல்ல வேண்டா. கடனைக் கணக்கிட்டு அடைக்க வழிசொல்லும் வங்கி அனுபவமுள்ள ஒருவரை உடன் அழைத்துச் செல்வோம். அன்பியக் கூட்டங்களில் வேலைவாய்ப்புச் செய்திகளைப் பகிர்வோம். தோற்றவனுக்குச் சந்தையில் பங்கில்லை. நம் பங்கிலாவது அவனுக்கு இடம் இருக்கட்டும்.