எவ்வழியாய்ப் பறப்பது?



நம் அவனியாபுரத்தை அடுத்தே விமான நிலையம் இருப்பினும், உரோமைக்கோ லிஸ்பனுக்கோ இங்கிருந்து நேரடி விமானம் கிடையாது. 2012-இல் கொழும்புக்குத் தொடங்கியதே மதுரையின் முதல் பன்னாட்டு விமானச் சேவை.

அவ்விரு நகரங்களும் நமக்கு அந்நியமல்ல. உரோமையில் பயின்ற தத்துவ போதகர் 1606-இல் மதுரை வந்தார். லிஸ்பனில் 1647-இல் பிறந்த புனித அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் குருதி சிந்தினார். அங்கே குடும்பத்தோடு திருயாத்திரை செல்ல விழைவோர் சிலவற்றைச் சிந்தித்தல் நலம்.

உரோமையில் இறங்கி, லிஸ்பனிலிருந்தே ஊர் திரும்பும்படி பயணச்சீட்டு எடுத்தால், வந்த வழியே மீள வேண்டியதில்லை. இரு நாடுகளுக்கும் ஷெங்கன் விசா ஒன்றே போதும். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

தனித்தனிச் சீட்டுகள் மலிவாகத் தோன்றலாம். ஆனால் முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால், அடுத்த விமானத்தார் பொறுப்பேற்கமாட்டார்கள். புதுச் சீட்டுக்கு நாமே பணம் கட்ட நேரும். ஒரே சீட்டாயின் மாற்று விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு.

மிச்சமாகும் பணத்திற்காக, மூட்டுவலியுள்ள பாட்டியை அயல்நாட்டு நிலையத்தில் இரவு முழுவதும் நாற்காலியில் அமர்த்தி வைப்பது தகுமா? ஏசா உடன்வர அழைத்தபோது, யாக்கோபு பிள்ளைகளின் நடைக்கேற்ப மெல்ல வருவதாகவே கூறினார் (தொடக்க நூல் 33).

ஆகவே, வீட்டில் மிகத் தளர்ந்தவரை முதலில் கேளுங்கள். அவர் தாங்கும் வழியே அனைவருக்கும் உரிய வழி. அதற்குப் பணம் போதாதெனில் பயணத்தை ஓராண்டு தள்ளிவையுங்கள். ஓரியூருக்கோ இவ்வாண்டே பாட்டியோடு போய் வரலாம்.