ரெண்டு யூனிட் கரண்டும் லே மான் ரேஸும்

ஹைபிரிட் ரேஸ் கார்னு சொன்னாலே நம்ம மக்கள் பல பேர் மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. "பேட்டரி சார்ஜை மிச்சம் பிடிச்சு ஓட்டுறதெல்லாம் ஒரு ரேஸா?"ன்னு கேள்வி வேற. என் கட்சி நேர் எதிர். அந்த மிச்சம் பிடிக்கிறதுதான் ரேஸே. அதை விதி போட்டுக் கெடுத்துட்டாங்கங்கறதுதான் என் வயித்தெரிச்சல்.

பிரான்ஸ்ல நடக்கிற லே மான் 24 மணி நேர ரேஸைத்தான் சொல்றேன். ஒரு சுத்து சுமார் 13.6 கிலோமீட்டர். 2014-ல் எல்.எம்.பி.1 ஹைபிரிட் கார்களுக்குப் புதுசா ஒரு விதி வந்தது. சுத்துக்கு 2, 4, 6, 8 மெகாஜூல், இதுல எந்த அளவு மின்சாரம் வேணும்னு நீயே எடுத்துக்கோ. மின்சாரம் கூடக்கூட எரிபொருள் குறையும். அதை எதுல சேமிக்கிறேங்கறது உன் பாடு.

விட்டா போதாதா நம்ம இன்ஜினியர்களுக்கு! அந்த வருஷம் ஆடி டீசல் எஞ்சினோட ஒரு சுழல் சக்கரத்துல சக்தியைச் சேமிச்சது. டொயோட்டா சூப்பர் கெப்பாசிட்டர். போர்ஷே லித்தியம் அயன் பேட்டரி, போதாததுக்குப் புகைபோக்கியிலயும் ஒரு டர்பைன் வெச்சு சார்ஜ் ஏத்தினாங்க. எஞ்சின் வெறும் ரெண்டு லிட்டர், நாலு சிலிண்டர். அதை வெச்சு 2015, 16, 17னு மூணு தடவை தொடர்ந்து ஜெயிச்சாங்க.

8 மெகாஜூல்ங்கறது வீட்டு மீட்டர் கணக்குல சுமார் 2.2 யூனிட். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸை ரெண்டே கால் மணி நேரம் போட்டா காலி. இதை மூணரை நிமிஷத்துக்குள்ள செலவழிக்கணும். எங்கே செலவழிக்கிறதுங்கறதுலதான் மூளையே இருக்கு. காத்தை எதிர்த்துப் போகத் தேவையான சக்தி வேகத்தோட மும்மடிப் பெருக்கமா ஏறும். 300-ல் போறப்போ பேட்டரியைக் காலி பண்ணினா காத்துக்குத் தானம். அதே சக்தியை வளைவு முடிஞ்சு வெளிய வர்றப்போ கொட்டினா, கிடைச்ச வேகம் அடுத்த நேர்ரோடு முழுக்கக் கூட வரும்.

இன்னொரு பக்கம், பேட்டரி நிறைஞ்சிருந்தா அடுத்த பிரேக்ல வர்ற சக்தியைப் போட இடமில்லை. அத்தனையும் பிரேக் சூடாவே போகும். காலியா இருந்தா வளைவுல உதைக்கத் தெம்பில்லை. ரெண்டுக்கும் நடுவுல, ஒரே சுத்துல பல தடவை ஏத்தி இறக்கணும். இடையில மெதுவா போற ஜி.டி. கார் ஒண்ணு வழியை மறிச்சா போட்ட கணக்கெல்லாம் திருப்பிப் போடணும். (பொட்டி தட்டுற நமக்கு பஃபர் மேனேஜ்மென்ட் புரியாதா என்ன :-))

இப்போ என்ன ஆச்சு? செலவு தாங்கலை. 2016 முடிவுல ஆடியும், 2017 முடிவுல போர்ஷேயும் கிளம்பிட்டாங்க. 2021-ல் ஹைப்பர்கார் விதி வந்தது. எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து மொத்த சக்திக்கு ஒரே உச்சவரம்பு. மோட்டார் 100 கிலோவாட் குடுத்தா எஞ்சின் அதே 100-ஐக் குறைச்சுக்கணும். 2023 லே மான்ல ஃபெராரியும் டொயோட்டாவும் முன்சக்கர மோட்டாரை மணிக்கு 190 கிலோமீட்டர் தாண்டினாத்தான் போடலாம்னு கட்டுப்பாடு. அதாவது எங்கே அது நிஜமா பிரயோஜனப்படுமோ, அங்கேயே தடா! பின்சக்கரத்துல மட்டும் ஓடுற கார்களுக்கு அநியாயம் ஆகிடக் கூடாதாம்.

கம்பெனிகள் நிறைய வந்திருக்கு, போட்டி நெருக்கமா இருக்கு, ஒத்துக்கறேன். 2018-லிருந்து எல்.எம்.பி.1-ல் டொயோட்டா ஒருத்தர்தான் ஹைபிரிட் ஓட்டிட்டிருந்தாங்க, அதைப் பார்க்கவும் போர்தான். ஆனா செலவுக்கு வரம்பு வேணும்னா பட்ஜெட்டுக்குப் போடுங்க சாமி, ஃபார்முலா ஒன்ல 2021-லிருந்து போட்டிருக்காங்களே. சுத்துக்கு இவ்வளவு சக்தின்னு அளந்து குடுங்க. 190-க்குக் கீழே போடாதேங்கற வேலை மட்டும் வேணாம்.