லக்ஷணமும் லக்ஷ்யமும்

விளையாட்டுகள் பலவற்றுள்ளும் கோல்ஃப் ஆட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு: அதில் பந்து ஓடி வருவதில்லை. கிரிக்கெட்டில் வேகப் பந்து வீச்சாளரின் கையை விட்டுப் புறப்பட்ட பந்து ஏறத்தாழ அரை விநாடிக்குள் மட்டைக்காரரை வந்தடைந்துவிடுவதால், தம் முழங்கை எங்கே இருக்கிறது, முன்னங்காலில் எவ்வளவு பாரம் விழுகிறது என்றெல்லாம் ஆராய்ந்துகொண்டிருக்க அவருக்கு அவகாசமே கிடைப்பதில்லை. பந்தைப் பார்க்கிறார், அடிக்கிறார், அவ்வளவுதான். கோல்ஃப் பந்தோ, 46 கிராமுக்கும் குறைந்த எடையுடன், புல்லின்மேல் அசையாமல் உட்கார்ந்து ஆட்டக்காரரின் சௌகரியத்துக்காகக் காத்திருக்கிறது. எதிராளி யாரும் அதைத் தட்டிப் பறிக்கப் போவதில்லை. அவருக்கு எப்பொழுது மனம் வருகிறதோ அப்பொழுது அடிக்கலாம். இத்தனை வசதியும் சேர்ந்துதான் அவரைக் கெடுக்கிறது.

எந்த ஊர்க் கோல்ஃப் திடலிலும் காலை வேளையில் போய்ச் சற்று நின்றால் இதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். நடுத்தர வயதுக் கனவான் ஒருவர் பந்தின் முன் குனிந்து நின்று, இடது கை நேராக இருக்கிறதா, தலை ஆடாமல் இருக்கிறதா, மணிக்கட்டு எந்த இடத்தில் மடங்க வேண்டும், முதலில் திரும்ப வேண்டியது இடுப்பா தோளா என்று தாம் கற்ற பாடங்களையெல்லாம் தமக்குள் ஒப்புவித்து முடித்தபின், மூச்சைப் பிடித்துக்கொண்டு மட்டையை வீசுகிறார். பந்து வலப்புறத்துப் புதருக்குள் போய் விழுகிறது. எங்கே தவறிற்று என்று அவரைக் கேட்டால் ஐந்து நிமிஷம் விஸ்தாரமாக விளக்குவார். எங்கே அடிக்க உத்தேசித்தீர்கள் என்று கேட்டாலோ, அவரால் சட்டென்று விடை சொல்ல முடிவதில்லை.

நம் சங்கீத வித்துவான்கள் லக்ஷணம், லக்ஷ்யம் என்ற இரண்டு சொற்களை வழங்குவார்கள். ஆரோகண அவரோகணங்களையும் ஸ்வர ஸ்தானங்களையும் தாள அங்கங்களையும் வகுத்துச் சொல்லும் சாஸ்திரம் லக்ஷணம். அந்தச் சாஸ்திரம் உயிர் பெற்று ஒலிக்கும் பாட்டு லக்ஷ்யம். அதே லக்ஷ்யம் என்னும் வடசொல்லுக்கு வில்லாளியின் குறி என்ற பொருளும் இருப்பதால், கோல்ஃப் உலகத்தின் நெடுநாளைய வழக்கை இந்த இரண்டு சொற்களிலேயே சொல்லிவிடலாம்: ஆட்டக்காரர் தம் மனத்தை மட்டை வீசும் உடலின் லக்ஷணத்தில் வைப்பதா, பந்து போய்ச் சேர வேண்டிய லக்ஷ்யத்தில் வைப்பதா? லக்ஷணத்துக்கு உரிய ஸ்தானம் பயிற்சித் திடல் என்பதும், ஆட்டத்தில் பந்தின் முன் வந்து நின்ற பிறகு மனத்தில் லக்ஷ்யம் ஒன்றுக்கே இடம் உண்டு என்பதும், இந்த எல்லைக் கோட்டை அழித்துவிடுகிற போதனை எவ்வளவு சாஸ்திரோக்தமானதாயினும் சிஷ்யனுக்குத் தீமையே செய்யும் என்பதும் என் கக்ஷி.

முதலில் காலக் கணக்கைப் பார்ப்போம். மேலே தூக்கிய மட்டை இறங்கிப் பந்தைத் தொடுவதற்கு ஏறத்தாழ கால் விநாடி பிடிக்கிறது. மட்டையின் முகமும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரமோ, ஒரு விநாடியை 2,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்குச் சமமானது. இந்த அற்ப அவகாசத்துக்குள் 'மணிக்கட்டே, இப்பொழுது திரும்பு' என்று மூளை ஆணை பிறப்பித்து, அந்த ஆணை கைக்கு வந்து சேர்ந்து, கை அதற்குக் கீழ்ப்படிந்து முடிப்பது எங்ஙனம்? ஆணை வந்து சேரும்போது பந்து பறந்துபோயிருக்கும். அல்லது பாதி வழியில் வந்து குறுக்கிட்டு, ஒழுங்காக நடந்துகொண்டிருந்த காரியத்தைத் தடுமாறச் செய்யும். வாசலில் கோலமிடும் பெண்ணைப் பாருங்கள்: மாவு வழியும் விரல்களின்மேல் அவளுக்குக் கண் இல்லை, இழை போய்ச் சேர வேண்டிய அடுத்த புள்ளியின்மேல்தான் கண். விரலைப் பார்த்துக்கொண்டே இழுத்தால் இழை நடுங்கும்.

லக்ஷணத்தின் பக்கத்திலும் பெரிய பெயர்கள் இல்லாமல் இல்லை. 1949இல் நேர்ந்த பயங்கரமான கார் விபத்தில் எலும்புகள் நொறுங்கியும், மறு ஆண்டே அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்ற பென் ஹோகன், 1957இல் வெளியிட்ட ஐந்து பாடங்கள் அடங்கிய நூல் இன்றைக்கும் பல ஆட்டக்காரர்களுக்கு வேதமாக விளங்குகிறது. மட்டையைப் பிடிக்கும் விதம், நிற்கும் நிலை, வீச்சின் முற்பகுதி, பிற்பகுதி என்று அவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து விளக்கினார்; வீச்சு செல்ல வேண்டிய தளத்தை, ஆட்டக்காரரின் தலை வெளியே தெரியும்படி தோள்களின்மேல் சாய்த்து வைத்த கண்ணாடிப் பலகையாக வரைந்து காட்டச் செய்தார். அந்த நூலின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பல்லாயிரம் பந்துகளைத் தனிமையில் அடித்து அடித்துத் தாம் கண்டறிந்த உண்மைகளை எழுதிவைத்தவர் ஹோகன். அந்த உழைப்பை விட்டுவிட்டு வாசகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை ஆட்டத்தின் நடுவே மனனம் செய்பவர் அவரைப் பின்பற்றுபவர் ஆகார். இன்றோ, வீச்சை நூறு நிலைகளாகப் பிரித்துக் காட்டும் காமிராவும், மட்டை முகத்தின் கோணத்தையும் பந்தின் சுழற்சியையும் உடனுக்குடன் அளந்து சொல்லும் ரேடார் கருவியும் வந்துவிட்டன. அளக்க முடிந்ததையெல்லாம் அடிக்கும்போது நினைக்கவும் வேண்டும் என்ற மயக்கம் அவற்றோடு கூடவே வந்திருக்கிறது.

இந்த மயக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகக் கூடும் என்பதற்கு ஆஸ்திரேலியர் இயன் பேக்கர்-ஃபின்ச்சின் சரித்திரம் சாட்சி. 1991இல் இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல் திடலில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்ற அவர், பந்தை இன்னும் தூரமாக அடிக்க விரும்பித் தம் வீச்சைத் திருத்தத் தொடங்கினார். திருத்தத்துக்கு மேல் திருத்தமாகச் செய்துகொண்டு போனார். 1995இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், முதல் குழிக்கும் பதினெட்டாவது குழிக்கும் பொதுவாக மிக அகலமான புல்வெளி விரிந்து கிடக்க, அவர் அடித்த முதல் பந்து அத்தனை அகலத்தையும் குறுக்காகக் கடந்து இடது எல்லைக்கு வெளியே போய் விழுந்தது. 1997இல் ராயல் ட்ரூனில் முதல் சுற்றுக்கு 92 அடிகள் எடுத்துப் போட்டியிலிருந்து விலகினார். ஆறே ஆண்டுகளுக்கு முன் அதே பட்டத்தை வென்ற கைகள் அவை. அவருக்கு வித்தை மறந்துபோயிற்று என்று சொல்ல முடியுமா? பயிற்சித் திடலில் அவர் பந்துகளை நன்றாகவே அடித்து வந்தார் என்பதை அக்காலத்தில் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வித்தை அப்படியே இருந்தது. அதைத் தன் போக்கில் இயங்க விடாமல் மனம் நடுவில் புகுந்து காவல் காத்ததுதான் கேடாயிற்று.

இது வெறும் கதையளப்பன்று என்பதை ஆராய்ச்சியாளர்களும் ஒருவாறு நிரூபித்திருக்கிறார்கள். கேப்ரியேலே வுல்ஃப் என்னும் பெண்மணியும் அவருடைய சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், கோல்ஃப் அறியாத புதியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைத் தங்கள் கைகளின் அசைவைக் கவனிக்கவும், மற்றப் பிரிவினரை மட்டையின் அசைவைக் கவனிக்கவும் பணித்தார்கள். கவனம் உடலை விட்டு ஒரு முழம் தள்ளிப் போனதற்கே பலன் கிடைத்தது. மட்டையைக் கவனித்தவர்களின் பந்துகள் குறிக்கு அருகில் விழுந்தன. பிறகு 2009இல் தேர்ந்த ஆட்டக்காரர்களை வைத்து நடந்த மற்றொரு பரிசோதனையிலோ, மட்டையையும் தாண்டிப் பந்து பறக்கும் பாதையிலே கருத்தை வைத்தவர்கள் மற்றவர்களை விஞ்சினார்கள். தானாக ஒருங்கிணைந்து இயங்கத் தெரிந்த உடலை, அறிவு தன் அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவர முயலும்போது அந்த இயக்கம் கட்டுண்டு போகிறது என்பது அவர்கள் கூறும் காரணம்.

எதிர்க் கக்ஷிக்காரர்களும் இரண்டு நியாயங்களைக் கூறுவார்கள். அவற்றை ஒதுக்கிவிடுதல் தர்மமன்று. தொடக்க நிலையிலுள்ளவர்கள் தங்கள் வீச்சைக் கவனித்தபோதே நன்றாக ஆடினார்கள் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு கூறுகிறது என்பது ஒன்று. 1985இல் தம் வீச்சை அடியோடு கலைத்துவிட்டு, டேவிட் லெட்பெட்டர் என்னும் ஆசிரியரிடம் புதிதாகக் கட்டிக்கொண்ட நிக் ஃபால்டோ, 1987இல் மூயர்ஃபீல்டில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றதோடு நில்லாமல், மொத்தம் ஆறு பெரும் பட்டங்களுக்கு உரியவரானார் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆனால் ஃபால்டோ தம் வீச்சைத் திருத்த இரண்டு ஆண்டுகள் செலவிட்டார் என்பதையும், புதிய லக்ஷணம் உடலில் ஊறுமட்டும் வெற்றிகளைத் துறந்து காத்திருந்தார் என்பதையும் கருத வேண்டும். மூயர்ஃபீல்டின் கடைசிச் சுற்றில் பதினெட்டுக் குழிகளிலும் அடிக் கணக்குப் பிசகாமல் நிர்ணயித்த எண்ணிக்கையிலேயே முடித்தது அந்தத் தவத்தின் பயன்.

துரோணர் வைத்த பரீக்ஷையில் அர்ச்சுனனுக்குப் பறவையின் தலை ஒன்றே தெரிந்தது என்ற கதையை இவ்விஷயத்தில் யாரும் எடுத்துக் காட்டுவார்கள். அதற்கு முந்திய ஒரு நிகழ்ச்சியை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒருநாள் இரவு அர்ச்சுனன் உணவு கொள்ளும்போது காற்று விளக்கை அணைத்துவிட்டது. இருட்டிலும் கை தவறாமல் வாய்க்குச் சென்றது. இது பழக்கத்தின் மகிமை என்று உணர்ந்த அவன், அன்று முதல் இருளிலேயே வில் பழகத் தொடங்கினான்; நாணொலி கேட்டு எழுந்து வந்த ஆசாரியர் அவனைத் தழுவிக்கொண்டார். பறவை பரீக்ஷை வந்தது பயிற்சியெல்லாம் முடிந்த பின்பு. கையைப் பற்றி நினைக்க வேண்டாத நிலைக்குக் கையைக் கொண்டுவந்தவனுக்குத்தான் பறவையின் தலை மட்டும் தெரிகிற பாக்கியம் வாய்க்கிறது. லக்ஷணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு இரவு வேறு, பரீக்ஷை வேறு என்கிறேன்.

டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் வாழ்நாளெல்லாம் கோல்ஃப் கற்பித்த ஹார்வி பெனிக் என்ற முதியவர் இந்தப் பாகுபாட்டை நன்கு அறிந்திருந்தார். பல்லாண்டுகளாகக் குறித்துவந்த சிவப்பு அட்டை நோட்டுப் புத்தகத்தை 1992இல் நூலாக வெளியிட்ட அவர், அடிக்கும் கணத்தில் குறியைத் தவிர வேறெதையும் மனத்தில் வைக்க வேண்டாம் என்பதையே தம் உபதேசங்களுக்கெல்லாம் சிகரமாக வைத்தார். 1995 ஏப்ரல் 2ஆம் தேதி, 90ஆம் வயதில் அவர் காலமானார். சிறுவயது முதல் அவரிடம் பயின்ற பென் கிரென்ஷா, ஆசிரியரின் பூதவுடலைச் சுமந்து அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி, அதே ஏப்ரல் 9ஆம் தேதி, 43ஆம் வயதில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். அந்த வாரத்தில் லக்ஷணமும் ஒரு பங்கு பெற்றது: பயிற்சித் திடலில் அவருடைய பைக்காரர் கார்ல் ஜாக்சன், பந்தைச் சற்றே பின்தள்ளி வைத்துக்கொள்ளும்படியும், தோளை இறுக்கமாகத் திருப்பும்படியும் யோசனை கூறியிருந்தார். இரண்டே குறிப்புகள், அதுவும் போட்டி தொடங்குமுன். மருந்தின் அளவு அவ்வளவுதான்.

குறியில் மனத்தை நிறுத்துதல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக்கை வைப்பதன்று. அதற்கும் ஒரு முறை உண்டு. பதினெட்டுப் பெரும் பட்டங்களை வென்ற ஜாக் நிக்லஸ், 1974இல் எழுதிய நூலில் தம் வழக்கத்தை விளக்குகிறார்: அடிப்பதற்கு முன், பந்து போய் அமர்ந்திருக்கும் இடத்தை முதலில் மனத்தில் காண்பாராம், அடுத்து அது அங்கே பறந்து சென்ற வழியைக் காண்பாராம், அந்தப் பறத்தலை உண்டாக்கும் வீச்சு கடைசியாகத்தான் தோன்றுமாம். பிறகு, தூரத்துக் குறிக்கு நேராகப் பந்துக்குச் சில அடி முன்னால் ஒரு புல்லையோ இலையையோ அடையாளம் செய்துகொண்டு, அதற்கு ஏற்றபடி மட்டையை வைப்பார். அவருடைய சித்திரத்தில் உடலும் உண்டு. ஆனால் அது முடிவிலிருந்து பின்னோக்கி வந்து, இலக்கின் ஏவலாளாக நிற்கிறது.

ஆகவே கோல்ஃப் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். ஒவ்வொரு பாடத்திலும் கடைசிக் கால் பகுதியை, கைகால்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், வெவ்வேறு குறிகளை மாணவனே தேர்ந்து அடிப்பதற்கென்று ஒதுக்கி வையுங்கள். பந்து புதருக்குள் போனால், எப்படி அடித்தாய் என்று விசாரணை தொடங்குவதற்கு முன், எங்கே அடிக்கப் பார்த்தாய் என்று கேளுங்கள். அதற்கு அவனிடம் விடை இல்லையென்றால், அன்றைய பிழை அவன் மணிக்கட்டில் இல்லை.